சக்கரவர்த்தி கொடுத்த வழிச்செலவு

புலமைப்பரிசில் என்றதும், தொகை எவ்வளவு, எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு என்னும் கேள்விகளே நம்மிடையே முதலில் எழுகின்றன. பெறுபவனைத் தெரிந்தெடுப்பவர் யார், கற்று முடித்தபின் அவன் யாருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. கைத்தொழிலில் தேர்ந்தவர்களை மேலும் பயிற்றுவதற்கென வழங்கப்படும் உதவிகளைப் பொறுத்தவரை, இவ்விரு கேள்விகளுமே அடிப்படையானவை என்பது நமது கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் ஐரோப்பாவில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்து நோக்கினால் இது விளங்கும். ஒன்று, 1862 இல் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனின் ஆதரவுடன் பாரிஸ் நகரத் தொழிலாளர் ஏறத்தாழ 200 பேர் லண்டன் பொருட்காட்சிக்கு அனுப்பப்பட்டமை. மற்றது, 1868 இல் மான்செஸ்டர் நகர யந்திர உற்பத்தியாளர் ஜோசப் விட்வேர்த் நிறுவிய புலமைப்பரிசில்கள். தம் நாட்டுத் தொழிலாளியின் திறனை உயர்த்தி அயல்நாட்டுப் போட்டியைச் சமாளிப்பதே இரண்டின் நோக்கமும். ஆயின் இரண்டும் போய்ச் சேர்ந்த இடங்கள் வேறு.

தொழிலாளி ஊர்விட்டு ஊர் சென்று தொழில் கற்பது அக்காலத்திற் புதிதாய்த் தோன்றிய வழக்கமன்று. யந்திர யுகத்துக்கு முன்னர், பிரான்சிலும் ஜெர்மன் நாடுகளிலும் பயிற்சிக் காலத்தை முடித்த இளந்தொழிலாளி தன் கருவிகளுடன் புறப்பட்டு, நகரம் நகரமாக வேலை செய்து, ஒவ்வோர் ஊரின் செய்முறையையும் கண்டறிந்த பின்னரே தேர்ந்தவனாகக் கருதப்பட்டான். பிரான்சில் இப்பயணத்துக்குத் துணைநின்றவை தொழிலாளரின் சகோதரச் சங்கங்கள். சென்ற ஊரிலே தங்க இடமும் உண்ண உணவும் செய்ய வேலையும் அவையே தேடிக் கொடுத்தன. மரவேலைத் தொழிலாளியான அக்ரிக்கோல் பேர்டிகியே 1839 இல் வெளியிட்ட நூல், இச்சங்கங்களின் சிறப்பையும், ஒன்றோடொன்று அடிதடியில் இறங்கிய அவற்றின் சிறுமையையும் எடுத்துரைத்தது. குறைகள் எவையாயினும், அன்றைய புலமைப்பரிசிலைத் தொழிலாளர் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டனர் எனலாம்.

அந்நிலை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1791 ஜூன் மாதத்து லெ ஷப்பெலியே சட்டம், பிரெஞ்சுப் புரட்சியின் பெயராலேயே, தொழிலாளர் தம் நலன் கருதி ஒன்றுகூடுவதைத் தடைசெய்தது. முதலாம் நெப்போலியன் காலத்துத் தண்டனைச் சட்டம் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கியது. தொழிலாளி எங்கு வேலைக்குச் சென்றாலும் முதலாளியின் குறிப்புகள் அடங்கிய புத்தகமொன்றை உடன் வைத்திருக்க வேண்டியவனானான். மறுபுறத்தில், யந்திர உற்பத்தி பழைய தொழிற் பயிற்சி முறையைச் சிதைத்தது. 1851 இல் லண்டன் ஹைட் பூங்காவிலே கண்ணாடி மாளிகை எழுப்பி நடத்தப்பட்ட மாபெரும் பொருட்காட்சிக்குப் பின்னர், ஒரு நாட்டின் தொழிற்றிறனை மற்றொரு நாடு கண்டு அளவிடும் இடமாகப் பொருட்காட்சி மண்டபம் அமைந்தது. அம்மண்டபங்களில் பொருள்கள் இருந்தன. அவற்றைச் செய்த கைகளுக்கு உரியோர் அரிதாகவே அங்கு காணப்பட்டனர்.

1862 இல் லண்டன் தென் கென்சிங்டனில் மீண்டும் ஒரு சர்வதேசப் பொருட்காட்சி திறக்கப்பட்டது. மூன்றாம் நெப்போலியனுக்கு அவ்வேளையில் தொழிலாளரின் ஆதரவு வேண்டியிருந்தது. 1851 டிசம்பரில் சதியால் ஆட்சியைக் கைப்பற்றிய அவன், பத்தாண்டுகளின் பின் முதலாளிகளில் ஒரு சாராரையும் கத்தோலிக்க மதபீடத்தையும் பகைத்துக்கொண்டிருந்தான். 1860 இல் பிரித்தானியாவுடன் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை ஆங்கிலப் பண்டங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது. ஆகவே பிரெஞ்சுத் தொழிலாளி ஆங்கிலேயனின் செய்முறையைக் கண்டுவருவது ஆட்சிக்கும் பயன், ஆளுவோனின் பெயருக்கும் பயன் எனக் கணக்கிடப்பட்டது. செலவில் ஒரு பங்கை அரசாங்கப் பொருட்காட்சிக் குழுவும் பாரிஸ் நகரசபையும் ஏற்றன; தொழிலாளரிடையே சந்தாவும் திரட்டப்பட்டது.

இங்கே கவனிக்கற்பாலது தெரிவுமுறையாகும். செல்வோரை அதிகாரிகள் நியமிக்கவில்லை, பரீட்சையும் நடக்கவில்லை. ஒவ்வொரு தொழிலைச் சேர்ந்தவரும் கூடித் தம்மிற் சிறந்தவரை வாக்களித்துத் தெரிவு செய்தனர். தொழிலாளர் கூடுவதே குற்றமாயிருந்த நாட்டில், தொழில்வாரியாகக் கூடித் தேர்தல் நடத்த அரசாங்கமே இடங்கொடுத்தது. வெண்கலச் சித்திரவேலைத் தொழிலாளியான ஆன்றி தொலேன் இதிலே முன்னின்றவர்களுள் ஒருவர். மேலிருந்து வரும் தயவை நம்பாது தொழிலாளர் தம் காரியத்தைத் தாமே நடத்தவேண்டுமென 1861 இலேயே பத்திரிகையில் எழுதியவர் அவர். வழிச்செலவு சக்கரவர்த்தியுடையதாயினும், ஆணை சக தொழிலாளருடையதாயிற்று.

1862 கோடையிலிருந்து இலையுதிர்காலம் வரை இப்பிரதிநிதிகள் பகுதி பகுதியாக லண்டன் சென்றனர். மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்த நெசவையும் தோல்வேலையையும் அச்சுவேலையையும் உலோகவேலையையும் தொழிலறிந்த கண்கொண்டு நோக்கினர். அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. அச்சிடப்பட்ட அவர்களது அறிக்கைகள் கருவிகளையும் செய்பொருள்களையும் ஒப்பிட்டுவிட்டு, கூலியையும் வேலை நேரத்தையும் ஒப்பிடத் தொடங்கின. ஆங்கிலேயத் தொழிலாளி பல தொழில்களிலே குறைந்த நேரம் உழைத்து மிகுந்த கூலி பெறுகிறான். அதற்குக் காரணம் அவனுக்குச் சங்கம் உண்டு என்பதே அவர்கள் கண்ட முடிபு. பிரித்தானியாவில் தொழிலாளர் ஒன்றுசேர்வதைத் தடுத்த சட்டங்கள் 1824 இல் நீக்கப்பட்டிருந்தன. யந்திரத் தொழிலாளரின் ஒன்றிணைந்த சங்கம் 1851 இலும், லண்டன் தொழிற்சங்கப் பேரவை 1860 இலும் தோன்றியிருந்தன. சிறந்த வார்ப்பையும் சிறந்த கடைசலையும் கற்றுவரச் சென்றவர்கள், ஒன்றுசேரும் உரிமையும் தொழில்தோறும் தமக்கென ஒரு சங்கமும் வேண்டுமென்று எழுதினர்.

1862 ஆகஸ்டு 5 ஆம் திகதி லண்டனிலே பிரெஞ்சுப் பிரதிநிதிகளுக்கு வரவேற்பு அளிக்கப்பட்டது. முதலாளி தொழிலாளி நல்லுறவு பற்றிய இனிய பேச்சுக்களே அங்கு மிகுந்திருந்தன. எனினும் அறிமுகம் நிலைத்தது. மறு ஆண்டு ஜூலையில், போலந்து மக்களின் எழுச்சிக்கு ஆதரவாக லண்டனிலே கூடிய கூட்டத்துக்குத் தொலேனும் தோழர்களும் வந்தனர். ஆங்கிலத் தொழிலாளர் சார்பில், சப்பாத்துத் தொழிலாளியான ஜோர்ஜ் ஒட்ஜர் பிரெஞ்சுத் தொழிலாளருக்கு ஓர் அறைகூவல் வரைந்தார். வேலைநிறுத்தம் நிகழும்போது கடல்கடந்து மலிவுக் கூலியாளரைக் கொண்டுவந்து அதனை முறியடிக்கும் முதலாளிகளின் உபாயத்தை, இருநாட்டவரும் கூடியே தடுக்க முடியுமென்பது அதன் சாரம். 1864 செப்டெம்பர் 28 ஆம் திகதி, லண்டன் புனித மார்ட்டின் மண்டபத்திலே, சர்வதேசத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. தச்சரான வில்லியம் கிறீமர், தையற்காரரான எக்காரியஸ், ஒட்ஜர், தொலேன் எனக் கைத்தொழிலாளர் பலர் அங்கு கூடியிருந்தனர். மேடையில் அமர்ந்திருந்த கார்ல் மார்க்ஸ் அன்று பேசவில்லை. சங்கத்தின் தொடக்கவுரையைப் பின்னர் எழுதியளித்தவர் அவரே. சக்கரவர்த்தி கொடுத்த வழிச்செலவு இரண்டே ஆண்டுகளில் இங்குவரை வந்து சேர்ந்தது.

ஒரு பயணத்தால் மட்டும் ஒரு சர்வதேச ஸ்தாபனம் பிறந்துவிட்டதென நாம் கூறவில்லை. போலந்துப் பிரச்சினை, அமெரிக்க உள்நாட்டுப் போர், லண்டன் கட்டடத் தொழிலாளரின் போராட்டம் எனக் காரணங்கள் பல. ஆயினும் பிரதிநிதிகளின் அறிக்கைகள் கேட்டதை அரசாங்கத்தாலும் முற்றாக ஒதுக்க முடியவில்லை. 1864 மே 25 ஆம் திகதிச் சட்டம் வேலைநிறுத்தத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. நிலையான தொழிற்சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்க 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் சக்கரவர்த்தியின் தயவும் வற்றியது: 1868 மார்ச் மாதத்திலே சர்வதேச சங்கத்தின் பாரிஸ் கிளையினர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டனர், கிளை கலைக்கப்பட்டது.

அதே 1868 மார்ச் மாதத்திலேதான், 18 ஆம் திகதி, ஜோசப் விட்வேர்த் பிரித்தானியப் பிரதமர் டிஸ்ரேலிக்குக் கடிதமொன்று எழுதினார். முந்திய ஆண்டு பாரிஸிலே நடந்த பொருட்காட்சியில் பிரித்தானியப் பண்டங்கள் பின்தங்கிவிட்டன என்னும் கூக்குரல் அந்நாட்டில் எழுந்திருந்தது. அப்பொருட்காட்சிக்கு லண்டன் கலைக் கழகமும் கைவினைஞர் குழுவொன்றை அனுப்பி, அவர்தம் அறிக்கைகளை வெளியிட்டது. நோய் தொழிற்கல்விக் குறைவே என அறிஞர் பலர் கூறினர். விட்வேர்த் தந்த மருந்து, ஆண்டுக்கு 100 பவுண் பெறுமதியான 30 புலமைப்பரிசில்கள்.

விட்வேர்த் கைவேலை அறியாத செல்வந்தரல்லர். 1803 இற் பிறந்த அவர், பஞ்சாலை வேலையைவிட்டு ஓடிச்சென்று யந்திரப் பட்டறைத் தொழிலாளியானவர். லண்டனிலே மோட்ஸ்லியின் பட்டறையில் பணிபுரிந்து, 1833 இல் மான்செஸ்டரில் தமக்கெனத் தொழிலகம் தொடங்கியவர். பட்டறைக்கொரு அளவாயிருந்த திருகாணிப் புரிக்குப் பொது அளவொன்றை 1841 இல் வகுத்தவர். துப்பாக்கியும் பீரங்கியும் செய்தும் பொருளீட்டினார். மூளையும் கையும் ஒருவனிடத்தே சேரவேண்டுமென்பது அவரது உண்மையான விருப்பம். ஆதலாற் பரீட்சையிலே கணிதம், பொறிமுறை முதலிய பாடங்களுடன், கொல்லுவேலை, கடைசல், அராவிப் பொருத்துதல், வார்ப்பு முதலிய கைவேலைகளும் இடம்பெற்றன.

நோக்கம் நன்று. ஆயின் இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி அளிக்க வழிவகுத்த சட்டம் வந்தது 1870 இலேயே. நாள் முழுவதும் பட்டறையில் நின்று, இரவு வகுப்பிலே எழுத்துக்கூட்டிய இளைஞனும், கல்லூரியில் அமைதியாகக் கணிதம் பயின்ற இளைஞனும் ஒரே பரீட்சை மண்டபத்தில் அமர்த்தப்பட்டனர். கல்லூரி மாணாக்கரே முந்தினர். விட்வேர்த்தே இதனைக் கண்டு, பட்டறையிலே குறித்த காலம் வேலை செய்தோருக்கே இடம் என விதியைப் பின்னர் மாற்றவேண்டியதாயிற்று. அதன் பின்னரும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 1876 இல் பரிசில் பெற்ற ஹீல்-ஷா என்பவர் பிறிஸ்டல் நகரப் பட்டறையொன்றிலே தொழில் பழகியவர்தாம். ஆயினும் அவர் சட்டத்தரணி ஒருவரின் மகன். பிற்காலத்திற் பேராசிரியராய்ப் புகழீட்டிய அவரது திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இத்தகைய இளைஞருக்குப் பட்டறை ஒரு படியாயிருந்தது. அங்கேயே வாழ்நாளைக் கழிப்போருக்கு அவர்கள் திரும்பிவந்து எதையேனும் சொல்லவேண்டுமென்ற கட்டாயம் இருக்கவில்லை.

இன்னொன்றையும் நினைவுகூர்தல் தகும். விட்வேர்த்தின் கடிதம் எழுதப்பட்ட அதே ஆண்டு ஜூன் மாதத்திலே, அவரது தொழிலகம் இருந்த அதே மான்செஸ்டரில், தொழிலாளர் கல்விக்கென அமைந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் மண்டபத்தில், பிரித்தானியத் தொழிற்சங்க மாநாடு முதன்முதலாகக் கூடியது. முப்பது இளைஞரை உயர்த்தும் திட்டமும், தொழிலாளரை ஒருங்கே உயர்த்த முயன்ற இயக்கமும் ஒரே நகரில், ஒரே ஆண்டில், ஒன்றையொன்று காணாமலே நடந்தன.

பாரிஸ் பிரதிநிதிகளை நாம் குற்றமற்றவராகச் சித்திரிக்க வேண்டியதில்லை. அதே 1862 இல் பாரிஸ் அச்சுக்கோப்போர் நடத்திய வேலைநிறுத்தம், குறைந்த கூலிக்குப் பெண்களை அமர்த்தியதை எதிர்த்தெழுந்தது. பெண்ணுக்கும் சமகூலி என்று கேட்பதற்குப் பதிலாக, பெண்ணே வேண்டாம் என்று அது கேட்டது. தொலேனோ 1871 இல் பாரிஸ் கொம்யூனை விட்டு வெர்சேய் சபையிலேயே தங்கிச் சர்வதேச சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். பின்னர் செனட் சபை உறுப்பினரானார். சக தொழிலாளரால் தெரிவு செய்யப்பட்டவனும் அவர்களை விட்டகலலாம். ஆனால் அவன் அகன்றான் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. பரீட்சையால் தெரிவு செய்யப்பட்டவனை அவ்வாறு கேட்பார் எவருமில்லை.

விட்வேர்த் பரிசில்கள் இன்றும் உள்ளன. பிரித்தானிய இயந்திரப் பொறியியலாளர் நிறுவனம் அவற்றை வழங்குகின்றது. அரச குடும்பத்துக்குப் பொருள் வழங்கும் வணிகர் சங்கம் 1990 இல் நிறுவிய எலிசபெத் மகாராணி புலமைப்பரிசில் நிதியம், கைவினைஞர் தேர்ந்த ஆசானிடமே பட்டறையிற் சென்று கற்பதற்கும் பணம் தருகின்றது. கல்லூரிப் பரீட்சையே அளவுகோல் என்னும் பழைய பிழை இதனால் ஓரளவு திருந்தியுள்ளது. எனினும் தனியொருவன் விண்ணப்பிக்க, கொடுப்போர் தெரிந்தெடுக்கும் முறையே நிலவுகின்றது.

ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் உள்ள வாசகர்கள் இதிலிருந்து கொள்ளக்கூடிய பாடம் ஒன்று உண்டு. தொழிற்பயிற்சிக்கு உதவி வழங்கப்படும் இடமெங்கும் நாம் மூன்றைக் கேட்போமாக. தெரிவுக் குழுவிலே அத்தொழிலைச் செய்து வாழ்பவருக்கு இடம் வேண்டும். விண்ணப்பத்தின் மொழிநயத்துக்கு முன், செய்த பொருளைக் கையிலெடுத்துப் பார்த்து மதிப்பிட வேண்டும். கற்றவர் திரும்பிவந்து, தாம் கண்டதைத் தம் தொழிலாளர் முன் கூறவேண்டும். அங்ஙனம் கூறுகையில், கருவியைப் பற்றிப் பேசுவதுபோலவே கூலியைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் பேசுவதற்கு எவரும் தடைவிதித்தல் ஆகாது. 1862 இல் பாரிஸ் தொழிலாளர் இம்மூன்றையும் ஒரு சக்கரவர்த்தியின் பணத்தைக் கொண்டே செய்து காட்டினர். மக்களின் வரிப்பணத்தால் வழங்கப்படும் உதவியில் அவற்றைக் கேட்பதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை.