சட்டைப்பையா, தோள்பையா?

பேரையூர் தெரியுமா உங்களுக்கு? நாகநாதர் கோயில் இருக்கிற புதுக்கோட்டைப் பேரையூர் இல்லை. மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியாகப் போனால் வருகிற பேரையூர். தாலுகா தலைநகரம். மேற்கே மலை நீலமாக நிற்கும். இந்தப் பக்கம் கரிசல் காடு, பருத்தி, கண்மாய். நாயக்கர் காலத்தில் அது ஒரு பாளையம்.

2008-ல் அந்த ஊர்த் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். வேலையில் சேர்ந்து முதல் போனஸ் வாங்கிய நேரம்.

"அண்ணே, எங்க ஊரைச் சுத்திக் கண்மாய்க் கரையில, காட்டுக்குள்ள, இடிஞ்ச மண்டபத்துல எல்லாம் கல்லும் எழுத்துமாக் கெடக்கு. பூராத்தையும் போட்டோ எடுத்து வைக்கலாம்னு பாக்கறேன். சட்டைப்பையில போடுற சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கவா? இல்ல, கல்யாண வீட்ல கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியறாங்களே, அந்த டி.எஸ்.எல்.ஆர். வாங்கவா?"

உடனே பதில் சொல்லவில்லை நான். காரணம் இருக்கிறது. கிட்டத்தட்ட இதே கேள்வி, அதற்குச் சரியாக 150 வருடங்களுக்கு முன்னால், இதே மதுரைச் சீமைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரருக்கும் எழுந்தது!

அவர் பெயர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் கேப்டன். 1855-ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு போய்ப் படம் எடுத்தவர். அந்தக் கைவண்ணத்தைப் பார்த்து, மறு வருடம் மதராஸ் அரசு அவரைத் தன்னுடைய அதிகாரபூர்வ போட்டோகிராபராக நியமித்தது. 1857 டிசம்பரில் சாமான்களை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினார் மனிதர்.

மாட்டுவண்டி எதற்கு என்கிறீர்களா? அவருடைய நெகட்டிவ் ஒரு அடிக்கு மேல் நீளம்! படத்தைப் பெரிதாக்கிப் பிரின்ட் போடும் வசதி அப்போது நடைமுறையில் இல்லை. எத்தனை பெரிய படம் வேண்டுமோ அத்தனை பெரிய நெகட்டிவ், அதற்கு ஏற்ற அளவில் கேமரா. அப்படியானால் அந்தப் பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் ஒரு போட்டோகிராபருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கண்ணாடி. 1851-ல் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொடுத்த முறை. படம் கத்தி மாதிரி கூர்மையாக விழும். ஆனால், மருந்து பூசிய கண்ணாடி ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரம் போட்டுக் கழுவியாக வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அந்த ஈரம் எத்தனை நிமிஷம் தாங்கும்? போதாததற்குக் கண்ணாடியின் எடை வேறு. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் மொத்தமும் தூள்!

இன்னொன்று, மெழுகு பூசிய காகிதம். முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். உடையாது. எடுத்த படத்தைச் சாவகாசமாகப் பிறகு கழுவலாம். ஆனால், ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கண்ணாடி அளவுக்கு நுணுக்கமும் வராது.

ட்ரைப் இந்தப் பயணத்தில் பெரும்பாலும் நம்பியது காகிதத்தை. போக வேண்டிய ரோட்டைப் பார்த்து எடுத்த முடிவு அது.

அந்தக் காகிதத்தில்தான் 1858-ன் மதுரை பதிந்தது. மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், தெப்பக்குளம், யானைமலை, விளக்குத்தூண்... திருமலை நாயக்கர் மகாலும் இருக்கிறது. இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிறோமே அந்த மகால் இல்லை. 1866-ல் கவர்னராக வந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைப்பதற்கு முந்தைய, இடிந்து கிடந்த மகால். அது எந்த அளவு சிதைந்திருந்தது என்பதற்கு ட்ரைப்பின் படங்கள் சாட்சி!

தஞ்சாவூரில் இன்னொரு வேலை செய்தார். பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டு ஒரே படத்தில் அடங்கவில்லை. துண்டு துண்டாக எடுத்து, 21 பிரின்ட்களை வரிசையாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரு சுருளே செய்துவிட்டார். இப்போது செல்போனில் 'பனோரமா' என்று எடுக்கிறோமே, அதே சங்கதி!

இவ்வளவு செய்தவருக்கு அரசாங்கம் என்ன கொடுத்தது? 1859-ல் மதராஸ் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், கஜானா இருக்கிற நிலைமையில் இதெல்லாம் ஆடம்பரம் என்று சொல்லி அந்த வேலைக்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

சில வருடங்கள் கழித்து, 1867-68-ல், அதே மதராஸ் அரசுக்காக எட்மண்ட் டேவிட் லயன் என்கிற ஓய்வுபெற்ற கேப்டன் கோயில்களைப் படம் எடுக்கக் கிளம்பினார். மதுரைக்கும் வந்தார். இவர் தேர்ந்தெடுத்தது கண்ணாடி! இருட்டுக் கூடாரத்தையும் சுமந்துகொண்டு அலைந்தார். சிற்பங்களின் நுணுக்கம் அந்தக் கண்ணாடியில் அருமையாக விழுந்தது.

ஆக, கையில் அடங்குவதா, கண்ணுக்கு நிறைவாக இருப்பதா என்ற வழக்கு அப்போதே ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகும் அது முடியவில்லை. 1900-ல் கோடக் கம்பெனி ஒரு டாலருக்கு 'பிரவுனி' என்ற பெட்டிக் கேமராவை விற்று, படம் எடுப்பதைக் குழந்தைகளின் கைக்கே கொண்டுபோனது. ஜெர்மனியில் ஆஸ்கார் பர்னாக் என்பவர் ஆஸ்துமாக்காரர். கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாத அவர், சினிமா ஃபிலிமை வைத்துக் கையடக்கமாக ஒன்று செய்தார். 1925-ல் விற்பனைக்கு வந்த அந்தக் கேமராதான் லைகா. நம் ஊர் வீடுகளுக்கு வந்தது ஆக்பா கிளிக் த்ரீ. உங்கள் அப்பா, அம்மாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒன்றிரண்டாவது அதில் எடுத்ததாக இருக்கலாம். ஸ்டூடியோக்காரர்களோ பெரிய கேமராவை விடவே இல்லை.

சரி, பேரையூர்த் தம்பிக்கு வருவோம். அவர் கேட்ட இரண்டுக்கும் நடுவே உண்மையில் என்ன வித்தியாசம்?

டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சாய்ந்த கண்ணாடி இருக்கும். லென்ஸ் பார்ப்பதை அப்படியே உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடும். பட்டனை அமுக்கினால் கண்ணாடி 'டப்' என்று மேலே போய், பின்னால் இருக்கிற சென்ஸாரில் வெளிச்சம் விழும். அந்தச் சென்ஸார்தான் விஷயமே. கேனனின் ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆரில் அது சுமார் 22 மில்லிமீட்டருக்கு 15 மில்லிமீட்டர். அந்தக் காலத்துச் சின்ன கேமராக்கள் பலவற்றில் சுமார் 6-க்கு 4, அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பரப்பளவில் பதிமூன்று மடங்கு வித்தியாசம்! மழை பெய்யும்போது வாசலில் அண்டாவை வைத்தால் எவ்வளவு பிடிக்கும், டம்ளரை வைத்தால் எவ்வளவு பிடிக்கும்? வெளிச்சமும் அப்படித்தான். வெயிலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இருட்டு மண்டபத்துக்குள் போனால் டம்ளரின் குட்டு வெளிப்பட்டுவிடும். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மணல் தூவின மாதிரி இருக்கும். கடைக்காரர் 'பத்து மெகாபிக்ஸல் சார்' என்று அடித்துச் சொல்வார். டம்ளரைப் பத்து தடுப்பாகப் பிரித்தால் தண்ணீர் கூடிவிடுமா என்ன?

ஓடுகிற பொருளுக்கும் சின்ன கேமரா ஆகாது. அந்த நாள் கேமராவில் பட்டனை அமுக்கி, அது யோசித்து, படம் எடுப்பதற்குள் ஜல்லிக்கட்டு மாடு வாடிவாசலைத் தாண்டிப் போயிருக்கும். உங்களுக்குக் கிடைப்பது புழுதிதான்!

ஆனால், சின்னதின் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2006-ல் வந்த டி40, அதுவரை வந்த நிகான் டி.எஸ்.எல்.ஆர்களிலேயே சின்னது என்று பெயர் வாங்கியது. அதுவே லென்ஸோடு சேர்ந்து முக்கால் கிலோவுக்குப் பக்கம். கேனனின் 'ஏ' வரிசைச் சின்ன கேமராக்கள் சட்டைப்பையில் உட்காரும். பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் பென்சில் செல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். காட்டுக்குள் அலைகிறவனுக்கு இது சின்ன விஷயமா?

தம்பியிடம் சொன்னேன்: "தம்பி, கல்லு எங்கேயும் ஓடப்போறதில்ல. ஸ்டாண்டு போட்டு எடுத்தா, இருட்டுக்குள்ளகூட சின்ன கேமராவே ஓரளவு சமாளிக்கும். ஃபிளாஷ் மட்டும் போடாதீங்க, எழுத்து தட்டையாயிடும். காலையில, இல்லாட்டி சாயங்காலம், வெயில் பக்கவாட்டுல விழும்போது போங்க. எழுத்தோட பள்ளத்துல நிழல் விழும். அந்த நிழல்தான் நமக்குப் படிக்கக் கிடைக்கிற எழுத்து. பக்கத்துல ஒரு ஸ்கேலை வச்சு எடுங்க. எந்தக் கேமரா உங்க கூட வருமோ அதை வாங்குங்க."

எல்லாம் கேட்டுவிட்டு, தம்பி வாங்கியது டி.எஸ்.எல்.ஆர்!

வாங்கி என்ன? புழுதி பட்டுவிடும், மழை வந்துவிடும் என்று அது பீரோவை விட்டு இறங்கவே இல்லை. அக்கா வீட்டுக் காதுகுத்து, கோயில் திருவிழா, அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து அக்கா மகனின் சின்ன கேமராவைக் கடன் வாங்கிக்கொண்டு டி.வி.எஸ். வண்டியில் கிளம்பினார். அப்புறம்தான் வேலை நடந்தது. சின்னதில் ஊர் ஊராகச் சுற்றிக் குறித்துக்கொள்வது, முக்கியமான இடத்துக்கு மட்டும் பெரியதைத் தூக்கிக்கொண்டு இன்னொரு நடை போவது. ட்ரைப்பும் லயனும் ஒரே ஆளாக வந்த மாதிரி!

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம் நீங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் திருடுபோய், 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு ஐம்பது லட்சம் டாலருக்கு விற்கப்பட்டார். அது நம் நடராஜர்தான் என்று காட்டியது எது தெரியுமா? பாண்டிச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் அலமாரியில் இருந்த பழைய போட்டோ! 1956 முதல் அவர்கள் நம் கோயில்களைப் படம் எடுத்துவந்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் ஸ்ரீபுரந்தான் நடராஜரும் 1994-ல் பதிவாகியிருந்தார். 2014-ல் அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். அன்று படம் எடுத்தவர் என்ன கேமரா வைத்திருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. படம் இருந்ததா, எங்கே எப்போது எடுத்தது என்ற குறிப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குத் தம்பியிடம் பதில் இல்லாமல் போனதுதான் சோகம். ஐந்து வருட உழைப்பு முழுக்க ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. ஒரு நாள் அது 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது. அவ்வளவுதான், போய்விட்டது. இரண்டு கேமராவில் எடுத்ததும் போய்விட்டது.

மிஞ்சியது சுமார் நாற்பது படங்கள். மதுரையில் பிரின்ட் போட்டு, ஊர்ப் பெரியவர்களுக்கும் பூசாரிக்கும் சும்மா கொடுத்தவை. அதில் ஒன்று, கண்மாய்க் கரையில் நின்ற வீரக்கல். கையில் வாளோடு ஓர் ஆள். பிறகு கரையை உயர்த்தியபோது அந்தக் கல் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது அந்த வீரன் இருப்பது பூசாரி வீட்டுச் சுவரில் மட்டும். சின்ன கேமராவில் எடுத்த, ஓரம் லேசாகக் கலங்கின படம்.

ட்ரைப்பின் படங்களைப் பாருங்கள். அன்றே பிரதி எடுத்து, புத்தகமாகக் கட்டிப் பல இடங்களுக்கு அனுப்பினார்கள். அதனால்தான் 165 வருடம் தாண்டியும் லண்டன் நூலகத்திலும் மியூசியத்திலும் அவை பத்திரமாக இருக்கின்றன.

இன்று கடைக்குப் போனால் தம்பியின் கேள்விக்கு அர்த்தமே மாறிவிட்டது. 2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்களை ஜப்பானியக் கம்பெனிகள் அனுப்பின. 2023-ல் அது 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. சின்ன கேமராவைச் செல்போன் சாப்பிட்டுவிட்டது. டி.எஸ்.எல்.ஆரின் இடத்தைக் கண்ணாடியே இல்லாத 'மிரர்லெஸ்' பிடித்துக்கொண்டது. பெயர்தான் மாறியிருக்கிறது. கேள்வி அதேதான்: சட்டைப்பையா, தோள்பையா?

உங்களிடம் செல்போன் இருக்கிறது அல்லவா? அதுவே போதும், ஆரம்பிக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் சாய்கிற நேரத்தில், உங்கள் ஊர்க் கோயில் சுவருக்கோ கண்மாய்க் கரைக்கோ போங்கள். எடுத்ததை இரண்டு இடத்தில் சேமியுங்கள். முக்கியமானதை மட்டுமாவது பிரின்ட் போடுங்கள். பின்பக்கம் ஊர், இடம், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதி, ஊரில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பேரையூர்த் தம்பி இப்போது அப்படித்தான் செய்கிறார். டி.எஸ்.எல்.ஆர். இன்னமும் பீரோவில்தான்!