உலையணைந்த துறைமுகம்: பரங்கிப்பேட்டையும் எஃகு என்னும் சொல்லும்

தமிழ்ப்பள்ளியின் முதலாமாண்டு வகுப்பில் உயிரெழுத்துகளைச் சொல்லி முடித்ததும் ஆய்தத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்படுகிறது. பெரும்பாலும் கரும்பலகையில் ஏறும் சொல் 'எஃகு'. குழந்தை அதனை ஒரு படத்தோடு மனத்தில் பதித்துக்கொள்கிறது. அப்பொருளைத் தமிழ்நிலத்தார் எவ்வாறு ஆக்கினர் என்பதை அக்குழந்தை பின்னர் எந்த வகுப்பிலும் கேட்டறிவதாகத் தெரியவில்லை. பழந்தமிழ் நூல்களில் எஃகு என்பது பெரும்பாலும் வேல், வாள் முதலிய கருவியையே குறித்தது. பொருள் செயல்வகை அதிகாரத்தில் செல்வத்தை எஃகினும் கூரியதாக வள்ளுவர் கூறுமிடத்தும் படைக்கலமே கருத்து. கருவியின் பெயர் பின்னர் அது செய்யப்பட்ட பொருளுக்கும் ஆகிவந்தது. இச்சொல்லைத் தொடர்ந்து சென்றபோதுதான் பரங்கிப்பேட்டை நம் பயணத்தில் இடம்பெற்றது.

சிதம்பரத்திற்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் இவ்வூர் அமைந்துள்ளது. தெற்கே பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காடு, மேற்கே வயல். எப்பக்கம் திரும்பினும் மணலும் வண்டலுமே கண்ணிற்படும். ஊருக்கு மூன்று பெயர்கள் உண்டு. போர்ச்சுகீசியர் இட்டது போர்ட்டோநோவோ, அதாவது புதுத்துறை. இசுலாமியர் வழக்கில் மகமூதுபந்தர். மக்கள் வழக்கில் பரங்கிப்பேட்டை. 1781ஆம் ஆண்டு சூலை முதல் நாள் ஐதரலியும் ஐர் கூட்டும் பொருதிய களம் இதுவே. இங்கிருந்து துணிப்பொதிகளோடு மரக்காயர் கப்பல்கள் மலாய்க் கரைக்கு வந்துசென்றன என்பது நமக்கு நெருக்கமான செய்தி. இன்று ஊரை வெளியுலகம் அறிவது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையத்தால். இவற்றுள் எதிலும் இரும்பு இல்லை. நம் பிரிக்பீல்ட்சைப் பாருங்கள். 1881இன் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின் நகரைக் கட்டியெழுப்பச் செங்கல் சுட்ட சூளைகள் மறைந்தன. பெயர் மட்டும் சூளையை நினைவில் வைத்திருக்கிறது. பரங்கிப்பேட்டைக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

ஆயினும் 1830ஆம் ஆண்டளவில் இங்கே மேனாட்டு முறையிலான ஊதுலை எழுந்தது. எழுப்பியவர் சென்னை மாகாணத்தில் கும்பினிப் பணியாற்றி விலகிய சோசியா மார்சல் ஹீத். மாகாணத்தில் அம்முறையில் இரும்பு ஆக்கும் தனியுரிமையையும் அரசின் கடனையும் அவர் பெற்றிருந்தார். பின்னர் அமைந்த நிறுவனத்தின் பெயர் போர்ட்டோநோவோ எஃகு இரும்புக் கும்பினி. பெயரில் எஃகு முன்னின்றாலும் கப்பலேறியதில் பெரும்பகுதி வார்ப்பிரும்புக் கட்டிகளே. அவை செபீல்டு நகரை அடைந்து அங்கே எஃகாயின. வேல்சு நாட்டில் 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்திலும் இவ்விரும்பு பயன்பட்டதெனத் தொழில்வரலாற்று நூல்கள் கூறும்.

தாதும் இல்லாத, மலையும் இல்லாத மணற்கரையில் இரும்பாலை ஏன்? ஆற்றங்கரையில் நின்றபோது நமக்கு எழுந்த முதல் வினா இது. தாது சேலத்துக் கஞ்சமலைப் பகுதியிலிருந்து வரவேண்டும்; நேர்கோட்டில் அளந்தாலே 170 கிலோமீட்டருக்கும் மேல். காவிரி, கொள்ளிடம் வழியே பரிசல்களிலும், பிறகு கான்சாகிபு கால்வாயிலுமாக அது இறங்கி வந்தது. எரிபொருளோ நிலக்கரியன்று, மரக்கரி. ஊதுலை ஒன்றின் பசிக்குக் காடு ஈடுகொடாது. அருகிலிருந்த மரம் தீரத்தீரத் தொலைவிலிருந்து கரி கொணரும் செலவு ஏறியது. 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கும்பினி என்னும் புதிய பெயரில் முயன்றும் பயனில்லை. 1860களில் உலைகள் அணைந்தன. எரிபொருள் பற்றாக்குறையே காரணம் என்பர். உண்மைதான், ஆயினும் அது பாதி விடையே என்பது நம் கருத்து. உலை இருக்குமிடத்தைத் தாது முடிவு செய்யவில்லை, காடும் முடிவு செய்யவில்லை; கப்பல் நிற்குமிடம் முடிவு செய்தது.

உள்நாட்டில் ஒழுங்கு வேறு. கஞ்சமலையின் காந்தத் தாது மழைநீரில் அரித்து ஓடைகளில் கரும்மணலாகக் கிடைக்கும். அதைத் திரட்டியோர் மலையடியிலேயே ஆளுயரத்திற்கும் குறைந்த களிமண் உலை கட்டினர். கரி கிடைக்கும் இடத்திற்கு உலை நகர்ந்தது. ஹீத் இதனைக் கூர்ந்து கண்டவர். 1839இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் எஃகாக்கும் முறை படிப்படியாக விளக்கப்பட்டுள்ளது. தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்கி மண்மூசையில் இடுவர். எடையில் பத்திலொரு பங்கு உலர்ந்த ஆவாரங்குச்சியை நறுக்கிச் சேர்ப்பர். மேலே ஓரிரண்டு எருக்கிலை. பிறகு பிசைந்த களிமண்ணால் வாயை அடைத்துக் காயவிடுவர். இவ்வாறு 20 முதல் 24 மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, ஆட்டுத்தோல் துருத்தியால் இரண்டரை மணிநேரம் ஊதுவர். ஆறியபின் மூசையை உடைத்தால் எஃகுக் கட்டி. அக்காலத்துச் செபீல்டில் இரும்புப் பாளங்களைக் கரியோடு பல நாள் புழுக்கி, மீண்டும் மூசையிலிட்டு உருக்கவேண்டியிருந்தது. ஆவாரையும் எருக்கும் செய்த வேலை கரிமத்தை இரும்பில் ஏற்றுவதே. தெருவோரத்து எருக்கிலைக்கு இவ்வளவு வேதியியல் தெரியும் என்பதை நம் அறிவியல் ஆசிரியர்கள் ஒரு பாடமாகவே நடத்தலாம்.

இன்று கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை நிற்கிறது. அது துருவுறா எஃகு செய்வது. முதுகின்மேல் நிற்கும் மலையின் தாதை உருக்குவதன்று. ஹீத் இங்கிலாந்து மீண்டு, மாங்கனீசு சேர்த்து எஃகு ஆக்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். வழக்குகளில் நொந்து 1851இல் மறைந்தார். அவர் பெயர் எஞ்சியது. மூசையடுக்கிய கைகளுக்குப் பெயரில்லை.

சொல்லின் நிலையும் அதுவே. 1795இல் பியர்சன் இலண்டன் வேத்தியல் கழகத்தில் இந்திய எஃகு பற்றிப் படித்த கட்டுரையால் 'வூட்சு' என்னும் சொல் ஐரோப்பாவில் பரவியது. கன்னட, தெலுங்கு 'உக்கு' திரிந்தோ எழுத்துப்பிழையாலோ பிறந்த சொல் அது. நம் 'உருக்கு' அதன் உறவு என்பர். மூசை, துருத்தி, கிட்டம் ஆகியவை அகராதியில் உள்ளன. ஆனால் மூசைகளை வளைவாக அடுக்கும் வேலைக்கும், வாயடைக்கும் மண்ணின் பதத்திற்கும், ஊதுவதை நிறுத்தும் கணத்திற்கும் உலைக்களத்தில் பெயர்கள் வழங்கியே இருக்கவேண்டும். பெயரின்றி ஒரு தொழிலைத் தந்தை மகனுக்குக் கற்பிக்க இயலாது. எழுதியவர்கள் உலைக்கு வெளியே நின்றவர்கள். உலைமுன் அமர்ந்தோர் எழுதவில்லை. அவரிடம் அருகிருந்து கேட்டெழுதும் கடமையைத் தமிழ் கற்றோரும் தமக்குரியதாக எண்ணவில்லை.

மலாய்மொழியில் எஃகிற்குக் 'கெலுலி' என்று பெயர். அது நம் 'கல்லுளி'யிலிருந்து வந்தது என்றே நாம் கருதுகிறோம். முதலசை அகரம் மலாயில் மெலிவதும், ளகரம் லகரமாவதும் தமிழ்க்கடன் சொற்களில் இயல்பு. கல்தச்சனின் உளி கடல்கடந்து பொருளின் பெயராயிற்று. எஃகு என்னும் வேல் தமிழில் அடைந்த மாற்றமே அது. எதிர்த்திசையில் மலாய் 'கெத்தா' நம் வாயில் 'கித்தா' ஆனது.

இவ்விரு சொற்களும் பினாங்கிற்கு எதிர்க்கரையிலுள்ள பிறையில் ஒருமுறை சந்தித்தன. 1967இல் அங்கு உற்பத்தி தொடங்கிய மலாயாவாத்தா எஃகாலை, நிலக்கரிக்கு மாறாக மரக்கரியால் ஊதுலையை எரித்தது. அம்மரக்கரி, பால் வற்றி வெட்டப்பட்ட கித்தா மரங்களிலிருந்து வந்தது. நம் தோட்டங்களில் அம்மரங்களைச் சீவியோருள் பெரும்பாலோர் தமிழர். மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால், பெரட்டு என்று அவர்கள் வழங்கிய சொற்களைக் கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத்து முதியோர் இன்றும் சொல்வர். ஒட்டுப்பாலுக்கும் கட்டிப்பாலுக்கும் வேறுபாடு யாது என்று மாணவர் கேட்டால், கத்தி பிடித்த கையை அசைத்துக் காட்டி விளக்க இன்னும் ஆள் இருக்கிறார்கள்.