குழலில் படிந்த கசடு



வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைச் சுட்டால் எல்லாம் புகையாய்ப் போய்விடும் என்றுதானே நினைக்கிறோம்? அதுதான் இல்லை. கருமருந்தில் வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. எரிந்த பிறகு எடையில் பாதிக்கு மேல் உப்பும் கரியுமாக மிஞ்சும். அந்தக் கசடு குழலுக்குள்ளே அப்பிக்கொள்ளும்.

பழைய துப்பாக்கிக்குக் குழல் வழவழப்பு. குண்டும் சற்றுச் சிறிசு. கசடு படிந்தாலும் குண்டு இறங்கிவிடும். 1853-ல் வந்த என்ஃபீல்டு துப்பாக்கியிலோ குழலுக்குள் மூன்று பள்ளங்கள் திருகுபோல ஓடின. குண்டு நெடுந்தூரம் போகும், குறியும் தப்பாது. ஆனால், குண்டு குழலோடு நெருக்கமாக இருந்ததால், பல தடவை சுட்டதும் கசடு இறுகி அடுத்த குண்டு இறங்க மறுக்கும். அதற்காகத்தான் தோட்டாக் காகிதத்தில் கொழுப்பு தடவினார்கள்.

தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். அது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு கிளம்பியதும் கம்பெனிச் சிப்பாய்கள் கொதித்துப்போனார்கள். வேறு எண்ணெய் தடவிக்கொள்ளலாம் என்று அரசு சொல்லியும் சந்தேகம் தீரவில்லை. 1857 ஏப்ரல் 24-ல் மீரட்டில் 85 குதிரைப்படைச் சிப்பாய்கள் தோட்டாவை வாங்க மறுத்தார்கள். மே 9-ல் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாளே கிளர்ச்சி வெடித்தது. கொழுப்பு மட்டுமா காரணம்? 1856-ல் அயோத்தி ராஜ்யத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது முதல் பல மனக்குறைகள் புகைந்துகொண்டிருந்தன. அதில் விழுந்த பொறி இது.

கொழுப்பு கசடை இளக்கும், அகற்றாது. அகற்றுவதற்குத் தண்ணீர்தான். சுட்ட அன்றே குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, கம்பியில் துணி சுற்றித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே எண்ணெய் தடவ வேண்டும். கசடில் உள்ள உப்பு எண்ணெயில் கரையாது. கழுவாமல் எண்ணெய் பூசினால், உப்பு ஈரத்தை இழுத்து அடியிலேயே இரும்பை அரித்துவிடும். பொட்டாஷ் அள்ளிய இரும்புச் சட்டியைக் கழுவாமல் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? அதே சங்கதிதான்!

அரித்த குழல் ஒருநாள் சுடுபவர் கையிலேயே வெடிக்கலாம். லைசென்சோடு இத்தகைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள், கழுவுமுன் கேப்பை எடுத்துவிட்டு, குழல் காலியா என்று பாருங்கள். கம்பி அடிவரை இறங்காவிட்டால் உள்ளே மருந்து இருக்கலாம். நீங்களே தோண்டாதீர்கள், விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.