வைப்பும் கிணறும்

கொச்சிக் கழிமுகத்திற்கு வடக்கே நீண்டு கிடக்கும் வைப்பின் தீவு, 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தால் உருவானது என்பது மரபு. அவ்வாண்டைத் தொடக்கமாகக் கொண்டு 'புதுவைப்பு' என்னும் ஆண்டுக்கணக்கும் வழங்கியது. 'வை' என்னும் வினையடிப் பிறந்த இப்பெயர், நீர் கொணர்ந்து வைத்த நிலம் எனப் பொருள்படும்.

அப்பொருளே அங்குள்ள கிணற்றின் இயல்பையும் உணர்த்துகிறது. மணலில் இறங்கும் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கும். ஆழத் தோண்டின் உவர் ஏறும்; ஆழம் குறையின் கழிவுக்குழியின் கசிவு அதே மணல்வழியே எளிதில் வந்து சேரும்.

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிவித்தமையைக் கலித்தொகை குறிக்கிறது; மரத்தின் பெயரே 'தேற்று' என்னும் வினையோடு இயைந்தது. கேரளத்தார் கிணற்றடியில் நெல்லிப்பலகை இட்டனர். இவை தெளிவும் சுவையும் நோக்கியவை. தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை, 1884இல் கல்கத்தாக் குளத்துநீரில் இராபர்ட் கோக் கண்ட காலராக் கிருமி மெய்ப்பித்தது.

ஆயிரம் லிட்டர் நீருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரக் காத்திருப்பு, கழிவுக்குழிக்கு 15 மீட்டர் இடைவெளி என்பன பொதுவிதிகள். நெருங்கிய மனைகளில் இவ்விடைவெளி வாய்ப்பது அரிது. ஆதலின், நீர் வைத்த நிலத்தில் கண்ணுக்குத் தெளிந்த நீரையும் காய்ச்சியே பருகுதல் வேண்டும்.