படத்தொகுப்பு மென்பொருளும் டிவிடியும்

முடித்த வேலையை டிவிடியில் ஏற்றி ஒப்படைக்கும் வழக்கம் வீடியோ எடிட்டர்களின் தொழிலில் 2001ஐ ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கோலோச்சியது. எந்த மென்பொருள் சிறந்தது என்று அந்நாளில் எடிட்டர்கள் மல்லுக்கட்டிய வாதங்களில் பாதி, தகடு ஒழுங்காக வருமா, வாடிக்கையாளர் வீட்டுப் பிளேயரில் ஓடுமா என்பதில்தான் போய் நிற்கும். தகட்டின் கதையை விட்டுவிட்டு மென்பொருளின் கதையைச் சொல்ல முடியாது.

முன்வரலாறு

சுழலும் வட்டு எடிட்டிங் அறைக்குள் முதலில் வந்தது காட்சிகளைச் சேமித்துவைக்கும் இடமாகத்தான். சிபிஎஸ், மெமோரெக்ஸ் நிறுவனங்கள் கூட்டாக 1971இல் கொண்டுவந்த சிஎம்எக்ஸ் 600, காட்சிகளைக் காந்த வட்டுகளில் வைத்துக்கொண்டு வேண்டிய ஷாட்டுக்கு நேரே தாவியது. படம் கறுப்பு வெள்ளை. விலை சுமார் இரண்டரை லட்சம் டாலர். 1984இல் லூகாஸ்ஃபிலிம் அறிமுகம் செய்த எடிட்டிராய்ட் லேசர் தகடுகளைப் பயன்படுத்தியது. இரண்டும் வியாபாரத்தில் தேறவில்லை. மெக்கின்டாஷ் கணினியில் இயங்கிய ஏவிட் 1989இல் வந்த பிறகுதான் ஃபிலிமை வெட்டி ஒட்டுவோர் கணினியை ஏறெடுத்துப் பார்த்தார்கள். கமல்ஹாசனின் 'மகாநதி' (1994) ஏவிடைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படமாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்துக்காக வால்டர் மர்ச் பெற்றது, கணினியில் தொகுத்த படத்துக்குக் கிடைத்த முதல் படத்தொகுப்பு ஆஸ்கர்.

மேசைக்கு வந்த மென்பொருள்

அடோபி பிரீமியரின் முதல் பதிப்பு 1991இல் வெளியானது. அதன் தொடக்கப் பதிப்புகளை எழுதிய ராண்டி உபிலோஸ் பிறகு மேக்ரோமீடியாவுக்குப் போய் 'கீகிரிப்' என்ற மென்பொருளை உருவாக்கினார். 1998இல் ஆப்பிள் அதை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டு ஃபைனல் கட் புரோ என்ற பெயரில் வெளியிட்டது. பிரீமியரா ஃபைனல் கட்டா என்று இரண்டு தலைமுறை எடிட்டர்கள் கட்சி கட்டி நின்றார்கள். இரண்டுமே ஒரே கை ஊன்றிய செடிகள் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

1995இல் வந்த டிவி (DV) வீடியோ நாடாவும் ஃபயர்வயர் இணைப்பும் இந்த மென்பொருள்களைச் சிறு ஸ்டூடியோக்களுக்குள் கொண்டுசேர்த்தன. ஒரே கேபிளில் கேமராவிலிருந்து கணினிக்குப் படம் தரம் குன்றாமல் இறங்கியது. இந்தியாவில் கல்யாண வீடியோ எடுப்போரிடம் வேறொரு பெயர் செல்வாக்குப் பெற்றது: ஜப்பானின் கனோபஸ் உருவாக்கி, பின்னர் கிராஸ் வேலி கைக்கு மாறிய எடியஸ். விதவிதமான கேமராக்களின் காட்சிகளை ஒரே டைம்லைனில் கலந்து போட்டாலும் ரெண்டருக்குக் காத்திராமல் ஓட்டிக்காட்டும். முகூர்த்த மாதத்தில் வேலை குவிந்து கிடப்பவருக்கு இதைவிடப் பெரிய தகுதி தேவைப்படவில்லை.

தகட்டின் காலம்

ஆசியாவில் டிவிடிக்கு முன்பே விசிடி வேரூன்றிவிட்டது. சாதாரண சிடியில் 74 நிமிடப் படம், 352க்கு 288 புள்ளிகள். தமிழ்நாட்டில் அது 'திருட்டு விசிடி' என்ற சொல்லால்தான் வரலாற்றில் நின்றது. 2004இல் குண்டர் சட்டத்தின் வரம்புக்குள் வீடியோ திருட்டும் சேர்க்கப்பட்டது.

டிவிடி 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதைக் கணினியிலேயே ரைட் செய்யும் கருவியை 2001இல் ஆப்பிள் தன் பவர் மேக்கில் பொருத்தி, டிவிடி ஸ்டூடியோ புரோ என்ற மென்பொருளையும் கூடவே வெளியிட்டது. 2003இல் அடோபியின் என்கோர் வந்தது. வேகாஸ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்குத் துணையாக டிவிடி ஆர்க்கிடெக்ட் வந்தது. மெனு, சாப்டர், பின்னணி இசை, அட்டைப்படம் என எடிட்டர் பாதி அச்சக வேலையும் செய்யவேண்டியதாயிற்று.

கணக்கு இங்கேதான் கடினம். ஓரடுக்குத் தகட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு மணி நேரப் படத்தை அதில் வைத்தால், ஒலியும் சேர்த்து, நொடிக்கு 5 மெகாபிட்டுக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். மூன்றரை மணி நேரக் கல்யாணத்தை ஒரே தகட்டில் அடக்கச் சொன்னால் 3 மெகாபிட்கூடத் தேறாது. டிவிடியின் எம்பெக்-2 சுருக்க முறை அசையாத காட்சியில் மிச்சம் பிடித்து, அசையும் காட்சியில் செலவழிக்கும். கெட்டிமேளம் கொட்டி நாலாபுறமிருந்தும் அட்சதை பறக்கும் அந்த ஒரு நிமிடம்தான் குடும்பத்துக்கு முக்கியம். படத்தைச் சுருக்கும் என்கோடருக்குத் திண்டாட்டமும் அதே நிமிடம்தான். அரிசிமணி ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போக, திரை கட்டங்கட்டமாக உடையும். என்கோடரை இரண்டு முறை ஓடவிட்டு, முதல் ஓட்டத்தில் அளந்து இரண்டாம் ஓட்டத்தில் பங்கிடும் முறை இதற்கு மருந்து. அதற்கு ஓர் இரவு வேண்டும். எந்த மென்பொருளின் என்கோடர் நல்லது என்ற சண்டை உண்மையில் இந்த ஒரு நிமிடத்தைப் பற்றியது.

2003இல் எச்டிவி (HDV) கேமரா வடிவம் வந்தபின் சங்கடம் கூடியது. எடுப்பது 1080 வரியில், கொடுப்பது இந்தியாவின் பால் முறைப்படி 576 வரியில். வரிகளைப் புலம் புலமாக இடைவிட்டுக் காட்டும் வீடியோவைச் சுருக்கும்போது வரிசை பிசகினால் படம் நடுங்கும். கணினித் திரையில் பளிச்சென்றிருந்தது டிவியில் மங்கலாகத் தெரிய, பழி எடிட்டர் தலையில் விழும்.

புளூரே இதைத் தீர்த்திருக்கவேண்டும். ஓரடுக்கில் 25 ஜிபி. ஆனால் எச்டி டிவிடியோடு நடந்த போட்டியில், அதை முன்னிறுத்திய தொஷிபா 2008 பிப்ரவரியில் விலகும்வரை எதை வாங்குவது என்றே தெரியவில்லை. வெற்றிபெற்ற பின்னும் உரிமச் சிக்கலைக் காரணம் காட்டி ஆப்பிள் தன் கணினிகளில் புளூரே கருவியை ஒருபோதும் பொருத்தவில்லை.

2011க்குப் பின்

2011 ஜூனில் ஃபைனல் கட் புரோ எக்ஸ் வெளியானது. பழைய ப்ராஜெக்ட்களைத் திறக்காது. பல கேமரா எடிட்டிங் முதலில் இல்லை. டைம்லைனின் இலக்கணமே வேறு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் கோனன் ஓ'பிரையனின் எடிட்டர்கள் அதைக் கிண்டலடித்துக் காட்சியே போட்டார்கள். இந்த ஆரவாரத்தில், அதே நாளில் டிவிடி ஸ்டூடியோ புரோவும் விடைபெற்றதைப் பலர் கவனிக்கவில்லை. கட்சி மாறுவோருக்கு அடோபி பாதி விலைச் சலுகை அறிவித்தது. ஃபைனல் கட்டைவிட்டுப் பிரீமியருக்குப் போனவர்களுக்கு என்கோரும் கூடக் கிடைத்தது. ஆனால் 2013இல் அடோபி சந்தா முறைக்கு மாறியபோது என்கோரின் புதிய பதிப்பு வரவில்லை. டிவிடி கேட்ட வாடிக்கையாளர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்களுக்காகச் சந்தாதாரர்கள் பழைய சிஎஸ்6 பதிப்பைத் தனியே நிறுவிக்கொண்டார்கள். தகட்டைக் கைகழுவுவதில் பார்வையாளரை முந்திக்கொண்டது மென்பொருள் நிறுவனங்கள்தான் என்றே சொல்லவேண்டும்.

ஒப்பீட்டின் அளவுகோல் அதன்பின் மாறியது. சந்தாவா ஒருமுறை விலையா, கிராபிக்ஸ் கார்டு தாங்குமா, கலர் கரெக்‌ஷன் எப்படி என்ற கேள்விகள் முன்னே வந்தன. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் 2009இல் டாவின்சி நிறுவனத்தை வாங்கியது. பல லட்சம் டாலர் மதிப்புள்ள வண்ணத் திருத்தக் கூடங்களில் இருந்த அந்நிறுவனத்தின் ரெசால்வை 995 டாலர் மென்பொருளாக்கி, 2011இல் இலவசப் பதிப்பும் தந்தது. பின்னர் அது முழு எடிட்டிங் மென்பொருளாகவே வளர்ந்தது. டிவிடி மெனு செய்ய அதில் இடமில்லை என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. இந்த ஒப்பீடுகளைச் சற்றுத் தள்ளி நின்றே கேட்கவேண்டும்: ஆஸ்கர் சிறந்த படமான 'பாரசைட்' (2019), நிறுத்தப்பட்டு எட்டாண்டு ஆகிவிட்ட ஃபைனல் கட் புரோ 7இல்தான் தொகுக்கப்பட்டது.

மடிக்கணினிகளிலிருந்து தகடு போடும் கருவி மறைந்தது. கல்யாண வீடியோ பென் டிரைவில் போயிற்று, சுருக்கப் பதிப்பு யூடியூபில் ஏறியது. 1998 முதல் டிவிடியை அஞ்சலில் அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அச்சேவையை முடித்துக்கொண்டது. ஆலையில் அச்சாகும் திரைப்படப் புளூரே தகடுகள் இன்னும் விற்கின்றன. ஆனால் பதிவுசெய்யும் புளூரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு நிறுத்துவதாகச் சோனி அறிவித்தது. அதே அறிவிப்பில் மினி டிவி (MiniDV) நாடாவும் இருந்தது.