தூண்டிற்பொன்னும் ஞெகிழிப் புழுவும்

அடையாற்றின் கழிமுகப் பக்கம் மாலை வேளையில் சென்று நின்றால் இருவகைத் தூண்டில்காரர்களைக் காணலாம். முதல் வகையினர் நைலான் நரம்பை ஒரு கட்டையிலோ பழைய போத்தலிலோ சுற்றி வைத்திருப்பர். முள்ளில் இறாலையோ மண்புழுவையோ கோத்து எறிந்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பர். இரண்டாம் வகையினர் கையில் சுருள் பொருத்திய கோல் இருக்கும். மென்மையான ஞெகிழியில் வார்த்த மீன்குஞ்சு ஒன்றை எறிந்து, அது நீருக்குள் துள்ளுமாறு இழுத்து, மீண்டும் எறிந்துகொண்டே இருப்பர். இந்தப் போலியை அவர்கள் 'லூர்' என்று அழைக்கிறார்கள். இரை நல்லதா, லூர் நல்லதா என்று கேட்டால் இரு தரப்பும் சளைக்காமல் வாதிடும்.

இவ்வாதம் நேற்று முளைத்ததன்று. இதன் வேரைத் தேடிப் போனால், மயிலாப்பூரில் பிறந்தவர் என்று மரபு கூறும் வள்ளுவரிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

சூது அதிகாரத்தின் முதற்குறளை (931) நண்பர்கள் அறிவார்கள். சூதில் பெறும் வெற்றியைத் 'தூண்டிற்பொன்னை' மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். இங்கே பொன் என்பது தங்கம் அன்று. பழந்தமிழில் அது உலோகத்திற்கெல்லாம் பொதுப்பெயர். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். பரிமேலழகர் உரை இதற்கொரு சிறு காட்சியைச் சேர்க்கிறது: இரும்பு முள் இரையால் மறைக்கப்பட்டிருக்கிறது, மீன் அந்த இரும்பையே இரையென்று எண்ணி விழுங்குகிறது.

குறளில் இரை என்ற சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரையைக் கொண்டுவந்து வைத்தவர் உரையாசிரியரே. இரையற்ற வெறும் உலோகத்தின் மினுக்கத்தைக் கண்டு மீன் பாய்ந்திருக்கக் கூடாதா? மினுங்கும் உலோகத் தகட்டைச் சிறுமீன் என்று மயங்கி மீன்கள் கவ்வுவது இன்று எல்லாத் தூண்டில்காரர்களும் அறிந்த செய்தி. கையில் வந்த பொருள் மினுங்குகிறது, ஆனால் உண்ணத் தகுந்ததாக எதுவும் அதில் இல்லை என்று கொண்டால் சூதாட்டத்திற்கு இவ்வுவமை இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. வள்ளுவர் காலத்தில் இங்கே உலோகப் போலி வழக்கில் இருந்தது என்று நிறுவ இது சான்றாகாது. அப்படிச் சொல்லவும் நான் துணியவில்லை. பரிமேலழகரின் காட்சியே அன்றாட வழக்கிற்கு ஒத்தது. ஆயினும், இரைக்கும் போலிக்கும் இடையிலான வழக்கு அந்த ஒரு சொல்லுக்குள் உறங்கிக் கிடக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

தூண்டிலின் பொறியியலைச் சங்கப் புலவர் ஒருவர் இன்னும் நுட்பமாகக் கண்டிருக்கிறார். குறுந்தொகை 54ஆம் பாடலில், யானை வளைத்த பசுமூங்கில், கவணொலி கேட்டு அஞ்சிய அவ்யானை கைவிட்டதும் விசைத்தெழுகிறது. மீனைப் பற்றிய தூண்டிற்கோல் மேலெழுவதை அதற்கு உவமையாக்கியதால் அப்புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்பதே பெயராகிவிட்டது. வளைந்து நிமிரும் கோலின் பயனை அறிந்த சமூகம் இது.

போலி இரை பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று உரோம எழுத்தாளர் ஈலியனிடம் கிடைக்கிறது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த அவர், மாசிடோனிய ஆற்றங்கரை மக்கள் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகுகளைக் கட்டி, பூச்சியைப் போலத் தோன்றச் செய்து மீன் பிடித்ததை விவரிக்கிறார். உயிருள்ள பூச்சியை முள்ளில் கோத்தால் அதன் மென்மையான உடல் சிதைந்துவிடும்; போலி பிறந்தது அந்த இடர்ப்பாட்டிலிருந்துதான்.

நம் பக்கத்து நூல் ஒன்று இரையின் தரப்பை எடுத்துரைக்கிறது. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இயற்றிய மானசோல்லாசத்தில், மீன்பிடி விளையாட்டுக்கென்றே ஒரு பகுதி உண்டு. வயிற்றுக்காக அன்றி மகிழ்ச்சிக்காக மீன் பிடிப்பதைப் பற்றிய அரிய இந்திய ஆவணம் இது. இன்ன மீனுக்கு இன்ன இரை என்று வகுத்து, மாவு உருண்டை உண்பவை, ஊன் உண்பவை என்று மீன்களைப் பிரித்துப் பேசுகிறது. விலங்கியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா 1951இல் இப்பகுதியை ஆராய்ந்து எழுதிய பிறகே இது பரவலாகத் தெரியவந்தது.

சென்னை மாகாணத்தில் இந்த ஆர்வத்தை நூலாக்கியவர் குடிமைப் பணி அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். 1873இல் மங்களூரில் அச்சான அவரது 'தி ராட் இன் இந்தியா' மலையாறுகளின் மயில்கெண்டை இனங்களைப் பிடிப்பதற்கு வழிகாட்டி. மலையேற வாய்ப்பில்லாத சமவெளி வாசிகளுக்காக 1887இல் 'டாங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்ற இரண்டாம் நூலை எழுதினார். ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதே அதன் பொருள். அன்றைய சென்னையில் ஏரிக்குப் பஞ்சமில்லை. இன்று தியாகராய நகர் நிற்கும் நிலத்தில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்ட ஏரி ஒன்று கிடந்தது. 1920களில் அது வற்றடிக்கப்பட்டு நகராயிற்று. மேற்கு மாம்பலத்தின் ஏரிக்கரைச் சாலை மட்டும் பெயரளவில் அதை நினைவில் வைத்திருக்கிறது.

போலியின் அடுத்த கட்டங்கள் அமெரிக்காவில் நிகழ்ந்தன. ஜூலியோ பூயல் என்பவர் 1852இல் கரண்டி வடிவ உலோகப் போலிக்குக் காப்புரிமை பெற்றார். உணவுக் கரண்டியொன்று ஏரிக்குள் தவறி விழ, அதை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பது செவிவழிக் கதை. கதை உண்மையாயின், தூண்டிற்பொன்னுக்கு அதைவிட நல்ல உரை கிடையாது. 1949இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் தம் வீட்டில் வினைல் ஞெகிழியை உருக்கி மண்புழு வடிவில் வார்த்தார். இன்று உலகெங்கும் விற்கும் மென்ஞெகிழிப் புழு, தவளை, மீன்குஞ்சு அனைத்துக்கும் அதுவே மூதாதை. பிவிசி தூளுடன் இளக்கி எனப்படும் எண்ணெய் போன்ற திரவத்தைக் கலந்து சூடாக்கினால் அது கெட்டியான கஞ்சிபோல் ஆகி, ஆறியதும் தசைபோல் நெகிழ்கிறது.

சரி, எதைத் தேர்வது? விடை மீனின் புலன்களில் இருக்கிறது. உண்மையான இரை மணத்தாலும் சுவையாலும் அழைக்கும். போலியோ தோற்றத்தாலும் நீரில் எழுப்பும் அதிர்வாலும் அழைக்கும். மீசைகளில் சுவையுணர் மொட்டுகள் கொண்ட கெளுத்திக்கு இறாலும் புழுவும் உகந்தவை. சேற்றையும் பாசியையும் மேயும் மடவை, ஓடும் குஞ்சுமீனைத் துரத்தாது. அதற்கு மாவே ஏற்றது. பதுங்கியிருந்து பாயும் கொடுவாய்க்கு அசையும் மென்ஞெகிழி மீன் போதும். ஆக, தெளிந்த நீரில் போலியின் கை ஓங்கும், கலங்கிய நீரில் இரையின் கை ஓங்கும். கழிவுநீர் கலந்து கறுத்த அடையாற்றின் பல பகுதிகளில் இந்த வழக்கை ஆறே தீர்த்துவைத்துவிட்டது எனலாம். கண் தெரியாத நீரில் தோற்றத்திற்கு மதிப்பில்லை.

அறத்தின் பக்கம் கணக்கு இன்னும் சிக்கலானது. இரையை மீன் ஆழமாக விழுங்கிவிடும். முள் தொண்டையிலோ குடலிலோ தைத்தால் விட்டாலும் பிழைப்பது அரிது. போலியைக் கவ்வும் மீனுக்குப் பெரும்பாலும் உதட்டில்தான் முள் தைக்கும். பிடித்துவிட்டு நீரிலேயே விட நினைப்பவருக்குப் போலியே இரக்கமுள்ளது. ஆனால் அறுந்து நீரில் தங்கிய ஞெகிழி மக்காது; அதை விழுங்கும் மீனின் வயிற்றில் அது ஊதிப் பெருத்துத் தங்கும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013இல் இவற்றைத் தடைசெய்யச் சட்ட முன்வரைவே வந்தது. அது தடையாகாமல் ஓர் ஆய்வாக முடிந்தது.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது விராலின் செய்தி. ஏரி, குளங்களில் வாழும் விரால் தன் செந்நிறக் குஞ்சுகளின் கூட்டத்தைக் காத்தபடி அடியில் நிற்கும். மேலே ஞெகிழித் தவளை தத்திச் சென்றால் பாய்ந்து கடிக்கும். அது பசியாற் கடிப்பதன்று. குஞ்சுகளைத் தின்ன வந்த பகை என்று எண்ணிக் கடிப்பது. தாய்மீனை எடுத்துச் சென்றால் அந்தக் கூட்டம் முழுவதும் பிற மீன்களுக்கு இரையாகும். பரிமேலழகர் கண்ட மீன் ஆசையால் கெட்டது. இந்த மீனோ அன்பால் கெடுகிறது. குறளின் உவமை இதற்குப் பொருந்தாது. சூதாடியின் பழியை விராலின் மேல் ஏற்ற முடியாது.

ஆகவே, உண்ணப் பிடிப்பவர் இரையைக் கோப்பதில் குறையொன்றுமில்லை; அவர் பிடிக்கும் மீன் வீணாவதில்லை. விளையாட்டுக்குப் பிடிப்பவர் போலியைத் தேர்வதே முறை. அறுந்த ஞெகிழியைத் தேடி எடுத்துச் செல்வதும், குஞ்சுகளோடு நிற்கும் விராலைக் கண்டால் கோலை மடக்குவதும் அம்முறையில் சேர்ந்தவை. இரையோ போலியோ, மறைந்திருக்கும் முள் ஒன்றுதான். அதை அறிந்தவர் கரையில் நிற்கும் நாம் மட்டுமே.