சார்ட்டர்ஹவுஸ் மாளிகையின் சரித்திரம்

மாளிகை கட்டினோர் பலர். அது தம் குலத்தாரிடம் நிலைபெறக் கண்டோர் சிலரே. இலண்டன் மாநகரிலுள்ள சார்ட்டர்ஹவுஸ் மாளிகை இதற்குச் சான்றாதலின், அதன் வரலாற்றைச் சங்கத்து அன்பர்க்கு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

ஆதியில் அது கொள்ளைநோயால் மாண்டோரைப் புதைத்த நிலம். 1371-இல் அங்கே துறவியர் மடம் ஒன்று எழுந்தது. எட்டாம் ஹென்றி மன்னன் தன்னையே திருச்சபைக்குத் தலைவனாக ஏற்க விதித்தபோது, இசையாத மடத்தலைவர் ஜான் ஹௌட்டன் 1535-இல் கொல்லப்பட்டார். 1537-இல் மடமும் கலைக்கப்பட்டது. 1545-இல் எட்வர்டு நார்த் பிரபு அதனைப் பெற்று மாளிகையாக்கினார். 1565-இல் அதை வாங்கிய நார்போக் பிரபுவோ, அரசிக்கு எதிரான சதியில் அகப்பட்டு 1572-இல் சிரச்சேதமடைந்தார். 1558-இல் எலிசபெத்து அரசியும் 1603-இல் ஜேம்ஸ் மன்னரும் முடிசூடுமுன் அங்கே தங்கினர். ஆயினும் உடையவர்க்கு அவ்வீடு நன்மை தந்ததாகக் காணோம்.

1611-இல் தாமஸ் ஸட்டன் என்னும் தனவந்தர் 13,000 பவுன் கொடுத்து அதனை வாங்கினார். நிலக்கரியாலும் வட்டித் தொழிலாலும் பொருள் ஈட்டியவர். உரிமைப் புதல்வர் இல்லாதவர். வறுமையுற்ற முதியோர் 80 பேர்க்கு உறைவிடமும், சிறுவர் 40 பேர்க்குக் கல்விச்சாலையும் அமைத்தல் அவர் எண்ணம். அவ்வாண்டு டிசம்பரிலேயே, ஒரு முதியவரும் அங்கே குடிபுகுமுன், அவர் காலமானார்.

உடனே உறவினரான சைமன் பாக்ஸ்டர் ஆஸ்தி தமக்கே உரியதென வழக்காடினார். அறநிலையமே இன்னும் ஏற்படவில்லை. இல்லாத ஒன்றை ஆளும் சபை எங்ஙனம் உளதாகும் என்பது அவர் தரப்பு வாதம். அறிஞர் பேக்கனும் அவ்வேற்பாட்டைக் குறைகூறி மன்னருக்கு எழுதினார். ஆனால் ஸட்டன், உயிரோடிருக்கும்போதே அரச சாசனம் பெற்று, ஆளுநர் சபையையும் நியமித்திருந்தார். சாசனமும் பெயரும் குறித்த இடமும் இருப்பின் சபை பிறந்ததேயாம், வீட்டுள் ஆள் புகுந்திருக்க வேண்டுவதில்லை என்று நியாயஸ்தலத்தார் தீர்த்தனர். நீதிபதி கோக் எழுதிவைத்த இத்தீர்ப்பைக் கூட்டுச் சபைகளின் சட்டம் பயில்வோர் இன்றும் கற்கின்றனர். (மன்னருக்குப் பெர்விக் பாலத்தின் பொருட்டு 10,000 பவுன் சேர்ந்தமையும் மறத்தற்குரியதன்று!) நம்மவருள் தருமத்திற்கென உயிலில் இரண்டு வரி எழுதிவிட்டு அமைதியுறுவார் பலர். அவர்கள் இவ்வழக்கை ஊன்றிப் படித்தல் நலம்.

1614-இல் முதியோர் குடியேறினர். 'சகோதரர்' என்பதே அவர்க்கு வழங்கும் பெயர். பள்ளி 1872-இல் காடல்மிங் என்னும் ஊருக்கு மாறியது; முதியோர் அங்கேயே தங்கினர். 1941-இல் விமானக் குண்டுகளால் மாளிகை பெரிதும் எரிந்தும், போருக்குப் பின் செப்பனிடப்பட்டது. நானூறு ஆண்டு ஆடவர்க்கே உரியதாயிருந்த அவ்வில்லத்தில் அண்மையாண்டுகளில் மகளிரும் இடம் பெற்றுள்ளனர். அவர்களையும் 'சகோதரர்' என்றே அழைக்கின்றனராம்.